மூன்று ஏக்கர் சரிவு நிலம், நடுவே ஓடை: பூங்காவாக்கும்போது எதை வெட்டுவது, எதை விடுவது?

கேள்வி இதுதான். அட்டன் பக்கத்துச் சிறு நகரமொன்றில், பஸ் நிலையத்துக்கு மேலே ஏறக்குறைய மூன்று ஏக்கர் பொது நிலம் சரிவாகக் கிடக்கிறது. மேற்பகுதியில் வயதான டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரங்கள், நடுவே ஓடை, அதன் கரையில் புதர்க்காடு, அடியில் கொஞ்சம் சமதரை. எல்லாவற்றையும் துப்புரவாக்கிப் புல் விரித்து, பூச்செடி வைத்துப் பூங்காவாக்கலாமா? பராமரிப்புக்கு என்னென்ன வேண்டும்?

சமதரையை மட்டும் பூங்காவாக்குங்கள். மேற்சரிவில் ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வையுங்கள். ஓடைக்கரையில் குப்பை பொறுக்குவதையும் களை எடுப்பதையும் தவிர வேறெதுவும் செய்யாதீர்கள். மலையகத்தில் பூங்காக்கள் கெடுவது கவனிப்பு இல்லாமல் மட்டுமல்ல, அளவுக்கு மீறித் துப்புரவாக்கியும்தான்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். நகரத்தை ஒட்டிய காணி என்றாலும் அது நகர சபையுடையதாக இருக்கும் என்று நினைத்துவிட முடியாது. தோட்டக் குத்தகைக்குள் இருக்கலாம், ஓடை ஒதுக்கமாக இருக்கலாம். நில அளவைப் படத்தைப் பிரதேச செயலகத்தில் பார்த்து, எல்லைக்கல்லை நேரில் தேடிப் பிடித்த பிறகே கத்தியை எடுங்கள். அரச காணியில் நிற்கும் மரத்தை எழுத்தில் அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் மதிலோ கட்டடமோ எழுப்ப, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் தேவை. இதற்கு மாதங்கள் பிடிக்கும் என்பதால் கடிதத்தை முதலில் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

இனித் தண்ணீர். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். ஒரே நாளில் 75 மில்லிமீற்றர் பெய்தால் உங்கள் மூன்று ஏக்கரில் விழுவது ஒன்பது இலட்சம் லீற்றர். அட்டன் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் இது அபூர்வமான மழை அல்ல. அந்தத் தண்ணீர் எந்த வழியாக ஓடைக்கு இறங்குகிறது என்பதை, பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு போய்ப் பார்த்து, வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் எவ்வளவு அளந்தாலும் இது தெரியாது.

தேயிலை மலையில் கான், அதாவது மழைநீர் வடிகால், வெட்டிய கைகள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கும். அவர்களைக் கூப்பிடுங்கள். சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தை ஒட்டி, 120க்கு 1 என்ற சாய்வில் கான் ஓட வேண்டும். அதாவது பத்து மீற்றர் நீளத்துக்கு எட்டு சென்ரிமீற்றர் இறக்கம். இதைவிடச் செங்குத்தானால் கான் தன் அடியையே அரிக்கும், மட்டமானால் தண்ணீர் தேங்கிச் சரிவுக்குள் ஊறும். இரண்டாவதுதான் ஆபத்து. கானுக்குள் இடைவெளி விட்டுக் குழியும், குழிகளுக்கிடையே கானின் விளிம்பைவிடத் தாழ்ந்த தடுப்பும் வைத்தால் மண் குழியில் தங்கிவிடும், நீர் மட்டும் தாண்டிப் போகும். ஏப்ரல் மழைக்கு முன் ஒருமுறையும் செப்டெம்பரில் ஒருமுறையும் குழிகளை அள்ள வேண்டும். அள்ளிய மண்ணைக் கானின் கீழ் விளிம்பில் குவித்தால் அடுத்த மழையில் ஓடைக்கே போய்விடும். மேலே மரங்களுக்கு அடியில் பரப்பிவிடுங்கள். கான் முடியும் இடம் பாறையாகவோ கல் பதித்த ஓடைக்கரையாகவோ இருக்கட்டும். வெறும் சரிவில் முடிகிற கான், தண்ணீரைச் சேர்த்துக்கொண்டுபோய் ஒரே இடத்தில் ஊற்றும் குழாய்தான். மழை விட்ட மறுநாள் "ஏன் இந்த இடம் மட்டும் இறங்கியது?" என்று கேட்கிற பல இடங்களில் விடை மேலே முடிந்த ஒரு கானில் கிடைக்கும்.

நடைபாதைக்கும் இதே கணக்கு. கொங்கிறீட் பாதை பார்க்க அழகு, ஆனால் சரிவில் அது இன்னொரு கானாகி, ஓரத்தைத் தோண்டித் தானும் உடையும். 1.2 மீற்றர் அகலத்தில் கல்லும் சரளையும் போட்டு இறுக்கி, கீழ்ப்பக்கமாக 3 சென்ரிமீற்றர் சாய்த்துவிடுங்கள். தண்ணீர் பாதை நெடுக ஓடாமல் குறுக்கே கடந்துவிடும். 10க்கு 1 என்பதைவிடச் செங்குத்தான இடங்களில், ஏறக்குறைய பத்து மீற்றருக்கு ஒன்றாகக் கல்வரிசையோ உருட்டுக் கட்டையோ சாய்வாகப் பதிக்க வேண்டும். படி வைத்தால் உயரம் 15, மிதி 35 சென்ரிமீற்றர். முதியவர்களும் பிள்ளைத்தாய்மாரும் ஏறும் அளவு அது.

ஒரு மழைமானி வாங்குங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய இடங்களில் சொல்லும் அளவுகள் தெளிவானவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 அல்லது ஒரு மணி நேரத்தில் 75 என்றால் உடனே வெளியேற்றம். பூங்காவுக்கு இன்னும் இறுக்கமான விதி வைக்கலாம்: 75ஐத் தொட்டதும் சரிவுப் பாதையின் படலையை மூடுவது. சரிவில் புதிய வெடிப்பு தென்பட்டால் அதன் இரு பக்கமும் முளை அடித்து, இடைவெளியைக் கிழமைக்கு ஒருமுறை, மழை நாட்களில் தினமும், அளந்து எழுதுங்கள். இடைவெளி கூடினால், தெளிவாக வந்த ஊற்று கலங்கினால், நேராக நின்ற மரம் சாய்ந்தால், பாதையை அடைத்துவிட்டு இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்காத ஊர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

மேற்சரிவு டர்பன்டைன் மரங்களைப் பற்றி இரண்டு கட்சி எப்போதும் உண்டு. தண்ணீரை உறிஞ்சுகிறது, அடியோடு வெட்டு என்பது ஒன்று. மரத்தைத் தொடாதே என்பது மற்றது. இரண்டுமே சரிவைப் பார்த்துச் சொல்லும் பேச்சல்ல. வெட்டிய மரத்தின் வேர் உடனே பிடியை விடாது. மெல்ல மெல்ல உளுத்து, சில ஆண்டுகளில்தான் மண்ணைப் பிடிக்கும் பலம் மிகவும் குறையும். மொத்தமாக வெட்டிய சரிவு மூன்று நான்கு ஆண்டு சும்மா இருந்துவிட்டு, எல்லோரும் மறந்த பிறகு இறங்குவது அதனால்தான். புதிய மரங்களின் வேர் அந்த இடைவெளிக்குள் பிடித்திருக்க வேண்டும். ஆகவே முதலில் பழைய மரங்களின் அடியில் நடுங்கள், இரண்டு மழைக்காலம் கழித்து அந்தப் பழைய மரங்களை வெட்டத் தொடங்குங்கள். நாற்பது மரம் இருந்தால் ஆண்டுக்கு ஏழெட்டுக்கு மேல் வேண்டாம், அதுவும் ஒரே இடத்தில் அல்ல, சிதறலாக. அடிக்கட்டையைப் பிடுங்காதீர்கள். தளிர் வந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தட்டிவிடுவது போதும்.

எதை முதலில் வெட்டுவது? பாதைப் பக்கம் சாய்ந்து, சாய்வின் எதிர்ப்பக்கத்து மண் மேலெழும்பிய மரம். அடியில் தட்டுத்தட்டாகக் காளான் பிடித்தது. மரச்சுத்தியலால் தட்டினால் பறைபோல் ஒலிப்பது. உச்சி காய்ந்து வருவது. வயது ஒரு காரணமே அல்ல.

கவ்வாத்து விடயத்தையும் சொல்லிவிட வேண்டும். தேயிலைச் செடியை வெட்டினால் அது மறுபடி தளிர்க்கும், அதற்காகவே அதை வெட்டுகிறோம். அந்தப் பழக்கத்தில் பெரிய மரங்களின் தலையையும் மட்டமாக வெட்டிவிடுகிறார்கள், மின்கம்பி ஓரத்தில் சவுக்கு மரங்களுக்கு நடப்பதுபோல. வெட்டிய இடத்தில் கொத்தாக வரும் கிளைகள் தோலில் ஒட்டினமாதிரி நிற்பவை, கட்டையோடு பிணைப்பு இல்லாதவை. அடியில் கட்டை உளுக்கும், மேலே கிளை கனக்கும், ஒரு ஜூன் காற்றுக்கு மொத்தமாக விழும். ஆபத்தான கிளையை மட்டும் மூன்று வெட்டில் எடுங்கள். அடிமரத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் முதல் வெட்டு. அதற்கு ஐந்து சென்ரிமீற்றர் வெளியே மேலிருந்து இரண்டாவது, கிளை தோலை உரிக்காமல் விழுந்துவிடும். மிஞ்சிய துண்டை, கிளை புறப்படும் இடத்தில் கழுத்துப்பட்டிபோல் வீங்கியிருக்கும் பகுதிக்கு வெளியே மூன்றாவதாக வெட்டுங்கள். அந்த வீக்கம்தான் காயத்தை மூடும், அதைச் சீவிவிட்டால் மூடாது. தார், பெயின்ற் எதுவும் பூச வேண்டாம். ஓர் ஆண்டில் இலைப்பரப்பின் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

பெரிய மரத்தைச் சுற்றிக் கொங்கிறீட் திண்ணை கட்டும் ஆசையும் ஒரு நோய்தான். அடிமர விட்டத்தின் 12 மடங்கு தூரம்வரை வேர் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சென்ரிமீற்றர் மரத்துக்கு அது 7.2 மீற்றர். அதற்குள் தோண்டுதல், மண் கொட்டுதல், வாகனம் நிறுத்துதல் மூன்றும் கூடாது. புல்வெட்டும் மெஷினின் நைலோன் நூல் இளமரத்தின் தோலைச் சுற்றி அறுத்தால் மரம் அந்த ஆண்டே போய்விடும். மரத்தைச் சுற்றி ஒரு முழம் புல்லில்லாமல், இலைச்சருகு பரப்பி வைத்தால் மெஷின் கிட்டே வரத் தேவையிராது. சருகு அடிமரத்தைத் தொடாமல் இருக்கட்டும்.

களைகளுக்கு வருவோம். சரிவில் சுரண்டியை, அதாவது மண்ணோடு சேர்த்துக் களையைச் சீவும் கருவியை, தொடவே கூடாது. தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் சுரண்டி போட்டே மேல்மண் ஆற்றோடு போனது. களையைக் கையால் பிடுங்குங்கள், அல்லது தரைக்கு மேலே வெட்டி அங்கேயே பரப்புங்கள். மருந்தடிக்க நினைத்தால், ஓடை இருக்கும் நிலத்தில் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். கீழே யாராவது அந்தத் தண்ணீரில் குளிப்பார்கள்.

உண்ணிச்செடியை மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு இழுக்கலாம். காட்டுச் சூரியகாந்தியைப் பூக்கும் முன் வெட்டினால் இலை நல்ல பசளை, ஆனால் பச்சைத் தண்டைத் தரையில் விட்டால் வேர் விடும். தண்டைப் பாறையின் மேல் காயவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். மானாப்புல் தானாகத் தீமை செய்வதில்லை, காய்ந்த காலத்துத் தீதான் அதன் பிரச்சினை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆடி, ஆவணிக் காற்றுக்கு முன்பே எல்லையோரம் மூன்று மீற்றர் அகலத்துக்கு வெட்டி வைத்துவிடுவது நல்லது.

நுவரெலியா உயரத்தில் இருப்பவர்களுக்கு யூலெக்ஸ் தனிப் போராட்டம். மஞ்சள் பூ, உடம்பெல்லாம் முள். எரித்தால் ஒழியும் என்று நினைப்பார்கள், ஆனால் அடிக்கட்டை துளிர்க்கும், சூடு பட்ட விதையும் கூட்டமாக முளைக்கும். விதை மண்ணுக்குள் 25 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கக்கூடியது. சிறியதை வேரோடு பிடுங்கி, பெரியதைத் தரைமட்டத்தில் வெட்டி அடிவேரைத் தோண்டி, காய் முற்றும் முன் முடித்து, வெட்டியதைத் தார்ப்பாயில் சுற்றி எடுத்துப் போங்கள். பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை திரும்பிப் போக வேண்டும், பல ஆண்டுகளுக்கு. நிழல் விழுந்தால்தான் அது தோற்கும், எனவே பிடுங்கிய இடத்தில் அந்தப் பருவத்திலேயே அடர்த்தியாக நட வேண்டும்.

அலங்காரச் செடியை நம்பிக் காட்டோரத்தில் வைப்பதிலும் கவனம். கண்டி உடவத்தகெலே சுமார் 104 ஹெக்டேயர் நகரக் காடு, 1938இலிருந்து சரணாலயம். அதற்குள் பெரிய தலைவலி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தோலு பால்சம் மரம். சிறகு விதை காற்றில் பறந்து, நிழலிலும் நெருக்கமாக முளைத்து, நாட்டு மரக் கன்றுகளுக்கு இடமே விடாமல் நிற்கிறது. வீட்டுச் சாடியில் வைக்கும் மணி பிளான்ட் அங்கே தரையை மூடி மரமேறியிருக்கிறது. உங்கள் ஓடைக்கரைக்கு ஐம்பது மீற்றருக்குள் படர்கொடி எதையும் வைக்காதீர்கள், யார் அன்பளிப்பாகத் தந்தாலும்.

நடுவது எதை? உயரத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். கண்டி மட்டத்தில் தண்ணீரோரம் மருது, அதைத்தான் கும்புக் என்கிறோம். திறந்த இடத்தில் விரைந்து நிழல் தர வட்டக்கண்ணி, அதாவது கெந்த, அதன் நிழலில் நாக மரம். அட்டன் 1,270 மீற்றர் அளவில் வல் சபுவும் தம்ப இனங்களும் பொருந்தும். நுவரெலியாவில் கீனா, மகா ரத்மல், அடியில் நெலு. நெலுவைப் பற்றி ஒரு எச்சரிக்கை: குறிஞ்சிக் குடும்பத்தின் சில இனங்கள் பல ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, காய்த்து, மடியும். அந்த ஆண்டில் காய்ந்த குச்சிக்காடாகத் தெரியும். யாராவது "செத்துப்போச்சு, துப்புரவாக்குவோம்" என்று கத்தியோடு வருவார்கள். அடுத்த தலைமுறை விதையாக அந்தக் குச்சிகளின் அடியில்தான் கிடக்கிறது.

அட்டன், நுவரெலியாவில் மே மாத முதல் மழையோடும், ஊவாவில் ஒக்டோபர் கடைசியிலும் நடுங்கள். குழி 45 சென்ரிமீற்றர் நீள, அகல, ஆழம். மேல்மண்ணைத் தனியே வைத்து அதையே முதலில் போடுங்கள். தவறணையிலிருந்து வரும் கன்றுப் பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டிவிடுங்கள். விட்டால் ஐந்தாம் ஆண்டில் மரம் தன் கழுத்தைத் தானே நெரிக்கும். சரிவில் இரண்டு மீற்றர் இடைவெளி, புதர்களுக்கு ஒரு மீற்றர். ஐந்தில் ஒன்று பிழைக்காது என்று வைத்துக் கூடுதல் கன்று வாங்குங்கள். சரிவு அரிக்கும் இடத்தில் வெட்டிவேரைச் சமமட்ட வரிசையாக, 10 முதல் 15 சென்ரிமீற்றருக்கு ஒரு துண்டாக நடலாம். ஆனால் அது வெயில் கேட்கும் புல். மர நிழலில் நட்டுவிட்டு ஓராண்டில் வெட்டிவேர் சரிவராது என்று சொல்வதில் பயனில்லை.

ஓடைக்கரைப் புதரை ஏன் விடச் சொல்கிறேன்? நுவரெலியா விக்டோரியா பூங்காவைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஹக்கல தாவரவியல் பூங்காவின் ஆராய்ச்சி நிலமாக இருந்து, 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காகப் பெயர் பெற்றது. ஏப்ரல் கூட்டம் பூப்பாத்திகளைப் பார்க்க வருகிறது. வெளிநாட்டிலிருந்து கமராவோடு வருகிறவர்களோ பூவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பூங்காவூடே போகும் நீரோட்டத்தின் ஈரமான, சருகு மூடிய, அழுக்கென்று சொல்லத்தக்க கரையில் காத்து நிற்கிறார்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பானும், கறுப்பு வெள்ளை நிறப் பைட் த்ரஷ் பறவையும் குளிர்காலத்தில் அங்கேதான் இரை தேடுகின்றன. சருகைக் கூட்டி எரித்தால் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் பறவை இல்லை. எனவே ஓடையின் இரு பக்கமும் குறைந்தது ஐந்து மீற்றருக்குக் கூட்டுதலும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், கொங்கிறீட் மதிலும் வேண்டாம். விழுந்த கட்டை நீரோட்டத்தை அடைக்காதவரை கிடக்கட்டும்.

பொலித்தீனும் போத்தலும் மட்டும் கிழமைக்கு ஒருமுறை வெளியே வர வேண்டும். அவை எங்கிருந்து வருகின்றன என்று ஓடை வழியே மேலே நடந்து பாருங்கள். 1873இல் கட்டிய கிரகரி வாவிக்குள் சேரும் மண் கரையில் பிறந்ததல்ல, மேலேயுள்ள மரக்கறித் தோட்டங்களிலிருந்தும் வெட்டிய சரிவுகளிலிருந்தும் இறங்கியது. உங்கள் ஓடைக்கும் அதே கதைதான். மேலே ஒரு கழிவுக்குழாய் திறந்திருந்தால் கீழே எத்தனை சிரமதானம் வைத்தும் நாற்றம் போகாது.

புல்தரைக்குச் சுருக்கமாக: ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றருக்குக் குறைத்து வெட்டாதீர்கள். கூட்டம் மிதித்து இறுகிய இடத்தில் தோட்ட முள்ளால் மண்ணைக் குத்தித் துளையிட வேண்டும், 10 சென்ரிமீற்றர் ஆழம், அதே இடைவெளி, மேலே ஆற்று மணல். புளிப்பு மண்ணுக்கு டொலமைற் சுண்ணாம்பு சதுர மீற்றருக்கு 100 கிராம் போடலாம், ஆனால் ரத்மல் போன்ற புளிப்பு மண் மரங்களின் அடியில் போடக்கூடாது. கிக்கியு புல் போட்டால் காட்டுப் பக்கம் ஒரு சாண் ஆழக் கான் வெட்டி ஆண்டுக்கு இருமுறை அதன் ஓடுவேரை அறுக்க வேண்டும். சோம்பினால் புதர் ஓரத்துக் கன்றுகளை அது மூடிவிடும்.

குளவி. உயர்ந்த டர்பன்டைன் கிளையில் தொங்கும் பெரிய கூடு பெரும்பாலும் குளவியுடையதல்ல, பெருந்தேனீயுடையது. பெயர் எதுவானாலும் கொட்டினால் ஆள் போகலாம். மெஷின் ஓட்டும் முன் ஒருவர் அண்ணாந்து எல்லாக் கிளைகளையும் பார்க்க வேண்டும், அதன் பிறகே கயிற்றை இழுக்க வேண்டும். கூடு இருந்தால் ஐம்பது மீற்றருக்குப் பாதையை அடைத்துப் பலகை வையுங்கள். அந்தக் கூட்டம் சில மாதங்களில் தானாக இடம்பெயர்ந்துவிடும். பகலில் புகை போடுவது, கல்லெறிவது, கீழே குப்பை எரிப்பது மூன்றும்தான் விபத்துக்கு வழி. கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ ஓட வேண்டும். கையை வீசி அடித்தால் இன்னும் சேரும். கொடுக்கைத் தாமதிக்காமல் சுரண்டி எடுங்கள். பல இடத்தில் கொட்டியிருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

குப்பைத்தொட்டிக்கு மூடியும் பூட்டுக்கொக்கியும் இருக்கட்டும். திறந்த தொட்டிக்குக் குரங்கு வரும், காட்டுப் பன்றி வரும், நாய் வரும், நாய்க்காகச் சிறுத்தையும் வரும். பன்றிக்கென்று எல்லையில் யாரோ கம்பிச் சுருக்கு வைப்பார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை மாட்டி, பிறகு செத்ததும் அப்படியான சுருக்கில்தான். மாதத்துக்கு ஒருமுறை எல்லை நெடுக நடந்து சுருக்குகளைத் தேடுங்கள். விலங்கு மாட்டியிருந்தால் கிட்டே போகாமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

ஆட்கள்: நிரந்தரமாக இருவர் போதும், மழைக்கு முன் கான் வேலைக்குக் கொந்தரப்பில் நால்வர். கொந்தரப்பை "எத்தனை சதுரம் துப்புரவாக்கினீர்கள்" என்று கணக்குப் பார்த்துக் கொடுக்காதீர்கள். கூலி பரப்பளவுக்கு என்றால் ஓடைக்கரையும் மொட்டையாகும். எத்தனை குழி அள்ளினார்கள், எத்தனை கன்று உயிரோடு நிற்கிறது என்று எண்ணிக் கொடுங்கள். முதலாண்டுப் பணத்தை மழைமானி, முளை, கான், கன்று என்ற வரிசையில் செலவழியுங்கள். பூப்பாத்தியும் பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும், கான் ஒரு முழுப் பருவமழையைத் தாங்கிக் காட்டிய பிறகு.